கொழுக்குமலைக்கு ஜீப்பில் போய்வருவது எப்படி?

கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் வட்டத்தில். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குள் நுழைந்து, மூணாறை அடுத்த சூரியநெல்லியிலிருந்துதான் ஏற வேண்டும். போடிப் பக்கம் மலை செங்குத்தாக விழுந்துவிடுகிறது; அங்கே நடைபாதைதான் உண்டு. சூரியநெல்லியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தூரம். கல்லும் பள்ளமுமான அந்தத் தேயிலை எஸ்டேட் பாதையைக் கடக்க ஜீப்புக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

சொந்தக் காரைச் சூரியநெல்லியிலேயே நிறுத்திவிட்டு, ஓட்டுநரோடு ஜீப்பை வாடகைக்கு எடுப்பதுதான் வழக்கம். வாடகை வண்டிக்குத்தான், தலைக்கு அல்ல. கணவனும் மனைவியுமாகப் போகிறவர்கள் வேறு நால்வரோடு சேர்ந்துகொண்டால் செலவு மிச்சம். ஆனாலும் முழு வண்டியையும் எடுத்துக்கொள்வதே மேல். நினைத்த இடத்தில் நிறுத்தச் சொல்லவும், இஞ்சினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கவும் அப்போதுதான் முடியும்.

சூரிய உதயத்துக்காக ஜீப்புகள் விடியற்காலை நான்கு, நாலரைக்கே கிளம்பிவிடுகின்றன. ஏறும்போது விளக்கு வெளிச்சம் விழும் சில அடிகளைத் தவிர எதுவும் தெரியாது. அதனால் ஏற்றம் காதுக்கும் உடம்புக்கும் உரியது. இறக்கம் கண்ணுக்கு உரியது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இருட்டில் பாதி வழி வீணானதாகத் தோன்றாது.

பாதை மோசமாகும் இடத்தில் ஓட்டுநர் வழக்கமான கியர் தண்டுக்குப் பக்கத்தில் உள்ள இன்னொரு தண்டை இழுப்பார். இப்போது இஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. லோ கியரில் சக்கரங்கள் மெதுவாகச் சுழலும். ஆனால் சுழற்றும் பலம் பன்மடங்கு கூடிவிடும். இஞ்சின் சத்தம் ஏற ஏற, வேகம் நடைவேகத்துக்கு இறங்கும். ஒரு பெரிய கல் எதிரே வந்தால் ஓட்டுநர் என்ன செய்கிறார் என்று கவனிக்க வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர் கல்லை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் விடப் பார்ப்பார். தேர்ந்தவர் டயரையே கல்மேல் ஏற்றுவார். நடுவில் விட்டால் வண்டிக்கு அடியில் தாழ்ந்து தொங்கும் டிஃபரன்ஷியலில் கல் இடித்துவிடும். டயர் கல்லைக் கவ்வி, ஒரு நொடி தயங்கி, வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து மறுபக்கம் மெதுவாக இறங்கும் அந்தக் கணத்தில்தான் இந்தப் பயணத்தின் முழுச் சுவையும் இருக்கிறது. வேகமாக ஓட்டச் சொல்கிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள்.

இருவராகப் போனால் ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் உட்கார்ந்து போய், திரும்பும்போது இடம் மாறிக்கொள்வது நல்லது. முன்னால் இருப்பவருக்கு ஓட்டுநரின் கையும் காலும் தெரியும். பின்னால் இருப்பவருக்குக் குலுக்கல் அதிகம். உடம்பை விறைத்துக்கொள்ளக் கூடாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைத் தளர்த்தி, வண்டி போகும் போக்கில் விட்டால் முதுகு வலிக்காது. பள்ளத்தில் பேசினால் நாக்கைக் கடித்துக்கொள்ள நேரும்.

மேலே உயரம் ஏழாயிரம் அடிக்கும் மேல். கிழக்கே தேனிச் சமவெளி. இரவில் குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தாக்கில் தேங்குவதால் மேகம் காலடிக்குக் கீழே படுத்திருக்கும். வெயில் ஏறியதும் அது கிளம்பி மேலே வந்து எல்லாவற்றையும் மூடிவிடலாம். சூரியன் தலைகாட்டியதும் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடாமல், மேகம் கலைந்து கிளம்பும் வரை காத்திருப்பவர்களுக்குத்தான் முழுக் காட்சியும் கிடைக்கும்.

அங்குள்ள பழைய தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தும் ஆர்த்தடாக்ஸ் முறை இன்னும் நடக்கிறது. வீட்டில் போடும் தேயிலைத்தூள் பெரும்பாலும் நொறுக்கிச் சுருட்டும் சிடிசி வகை. இந்தத் தேநீரைப் பாலில்லாமல் குடித்தால்தான் மணம் பிடிபடும்.

இறங்கும்போது நல்ல ஓட்டுநர் பிரேக்கை அழுத்திக்கொண்டே வரமாட்டார்; லோ கியரில் இஞ்சினே வண்டியின் வேகத்தை அடக்கிப் பிடிக்கும். தேயிலைக்கு அப்பால் மலையின் மடிப்புகளில் சோலைக்காடும், முகடுகளில் புல்வெளியும் தெரியும். காற்றுக்கும் குளிருக்கும் பணிந்து சோலை மரங்கள் குட்டையாகவே நிற்கும்; அவற்றின் தளிர்கள் செம்பு நிறத்தில் இருக்கும். தொலைவில் 2,640 மீட்டர் உயர மீசைப்புலிமலை. பாறைச் சரிவுகளில் வரையாடு மேயும். சூரியநெல்லி, சின்னக்கானல் பகுதி யானைகள் நடமாடும் இடம். யானை வழியில் நின்றால் ஹாரன் அடிக்காமல், ஓட்டுநர் சொல்வதைக் கேட்டுக் காத்திருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் பாதை சேறாகிவிடும். கோடையில் புல் காய்ந்து தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு; 2018 மார்ச் 11 அன்று போடிப் பக்கமுள்ள குரங்கணியில் எழுந்த காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வனத்துறை அனுமதியின்றி அந்தப் பக்கம் நடந்து இறங்கவே கூடாது. டிசம்பரும் ஜனவரியும் ஏற்ற மாதங்கள். கம்பளி உடையோடு போகவும், முந்தைய நாள் மாலையே ஜீப்புக்குச் சொல்லிவைக்கவும் மறக்க வேண்டாம்.