கையேடு உண்டு, சுழிப்பிழை எங்கே?

திருகு அளவியைக் கையில் எடுக்கும் மாணவனிடம் நாங்கள் முதலில் கேட்பது, "கம்பியின் விட்டம் என்ன?" என்பதன்று, "சுழிப்பிழை எவ்வளவு?" என்பதே. கருவியின் பிழையை அறியாதவன் எடுத்த அளவு, எத்தனை தசம இடங்களுக்குத் திருத்தமாக இருந்தாலும் பயனற்றது. இந்த ஆய்வுக்கூடப் பாடத்தை மனத்திற்கொண்டு, அண்மையில் நான் படித்த ஒரு கையேட்டை உங்கள்முன் மதிப்பிட விரும்புகிறேன்.

கூகுள் நிறுவனம் 2025 செப்டம்பரில் 'குரோம் டெவ்டூல்ஸ் எம்.சி.பி.' என்னும் கருவித் தொகுப்பை முன்னோட்டமாக வெளியிட்டது. இணையப் பக்கங்களின் பிழைகளைக் கண்டறியும் வசதிகள் குரோம் உலாவியில் முன்பே உண்டு. அவற்றை எடுத்துச் செயற்கை அறிவு முகவர்களின் கையில் தருவதே இத்தொகுப்பின் புதுமை. முகவர் என்பது, நாம் இட்ட பணியைத் தானே படிகளாகப் பிரித்து, வேண்டிய கருவிகளை அழைத்துச் செய்து முடிக்கும் நிரல். முகவரும் கருவியும் தொடர்பு கொள்வதற்கான பொது விதிமுறைதான் எம்.சி.பி. அதனை ஆன்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் அறிமுகப்படுத்தியது.

ஒரு கருவியின் கையேட்டை இவ்வளவு கருத்தாகப் பார்ப்பானேன் என்று நீங்கள் கேட்கலாம். நாம் கையேட்டைப் படிக்காமலே கருவியைத் திருகிப் பார்த்துப் பழகிக்கொள்வோம். முகவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் எழுதியுள்ள இரண்டொரு வரி விளக்கத்தைக் கொண்டே எதை எடுப்பது என்று அது முடிவு செய்கிறது. ஆகவே, இங்கே விளக்கமும் கருவியின் ஓர் உறுப்பாகிவிடுகிறது.

முதலில் நிறைகளைக் கூறுவோம். விளக்கங்கள் சுருக்கமானவை, பக்கத்தை இயக்குதல், வேகம் அளத்தல், வலைத்தொடர்பை ஆராய்தல் எனப் பிரிவு பிரிவாக அமைந்தவை. கருவிப் பட்டியலை நிரலிலிருந்து கணிப்பொறியே எழுதிக்கொள்கிறது. எனவே, பழைய மோட்டாரின் கையேடு புதிய மோட்டாரின் பெட்டியில் வந்து சேரும் குழப்பம் இங்கில்லை. உலாவியில் திறந்துள்ள அனைத்தையும் முகவர் காணவும் மாற்றவும் கூடும் என்ற எச்சரிக்கையும் ஒளிவுமறைவின்றி இடம்பெற்றுள்ளது. இது பாராட்டத்தக்கது.

இனிக் குறைக்கு வருவோம். எங்கள் ஊரான கட்டுமாவடி பாக் நீரிணைக் கரையில் உள்ளது. கடலை நம்பி வாழும் ஊர். ஐதராபாத்திலுள்ள 'இன்காய்ஸ்' மையம் வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பைக் கொண்டு, அலை உயரமும் காற்று வேகமும் காட்டும் பயிற்சிப் பக்கம் ஒன்றை என் மாணவர்கள் அமைத்தனர். முகவரிடம் சோதிக்கக் கொடுத்தோம். வேகம் நன்று, பிழை இல்லை என்று விடை வந்தது. கரையில் நின்று கைப்பேசியில் திறந்தபோதோ, பக்கம் வந்து சேரவே வெகுநேரம் ஆயிற்று!

முகவர் பொய் சொல்லவில்லை. கல்லூரியின் விரைவான இணைப்பில் அது அளந்தது. அந்த இணைப்புக்கு அந்த விடை சரியே. மெதுவான இணைப்பைப் போலச் செய்துகாட்டும் கருவியும் அதே தொகுப்பில் உண்டு. ஆனால், வேகம் அளக்கும் கருவி ஒரு பிரிவிலும் இது வேறொரு பிரிவிலும் உள்ளன. முன்னதை எடுக்குமுன் பின்னதை நினைத்துக்கொள் என்று சொல்லும் வரி, நான் படித்த பதிப்பில் இல்லை.

மற்றோர் எடுத்துக்காட்டையும் பாருங்கள். திரையைப் படம் பிடிப்பதைவிட, பக்கத்தின் உறுப்புகளை எழுத்தில் தரும் பட்டியலையே முதலில் நாடுமாறு கையேடு முகவருக்கு அறிவுறுத்துகிறது. நல்ல அறிவுரைதான். ஆனால், அப்பட்டியல் பார்வையற்றோர்க்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் மென்பொருள்கள் பயன்படுத்தும் அமைப்பிலிருந்தே பெறப்படுவது. அலை அட்டவணையைப் படமாக ஒட்டி, அதற்கு விளக்கம் எழுதாது விட்டால், 'ஒரு படம் உள்ளது' என்பதற்கு மேல் அதில் எதுவும் கிடைக்காது. எண்கள் தவறாக இருந்தாலும் பட்டியல் காட்டிக்கொடுக்காது. முகவருக்குத் தெரியாத அந்த எண்கள், பார்வையற்ற வாசகர்க்கும் எட்டாதவையே. இந்த வரம்பையும் கையேடு சொல்லவில்லை.

காரணம் தெளிவு. கருவி என்ன செய்யும் என்பது நிரலில் எழுதப்பட்டுள்ளது. ஆகையால், அதனைக் கணிப்பொறியே பட்டியலிட்டுவிடும். கருவி எங்கே ஏமாறும் என்பது நிரலில் இல்லை. பயன்படுத்தியவரின் பட்டறிவில் உள்ளது. அதனை மனிதர்தாம் எழுதிச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் 'இக்கருவி இன்னதைக் காணாது' என்று ஒரே ஒரு வரி கூட்டினால் போதும். கையேட்டின் மதிப்பு பன்மடங்கு உயரும்.

இத்தொகுப்பின் மூலநிரல் யாவரும் படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டுள்ளது. திருத்தங்களை எழுதி அனுப்பவும் இயலும். ஆகவே, இதனைப் பயன்படுத்தும் மாணவ நண்பர்களே! சோதனைக் குறிப்பேடு ஒன்றை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். முகவர் 'சரி' என்று சொல்லியும் பக்கம் தவறியிருந்தால், எந்த இணைப்பில், எந்தக் கைப்பேசியில் தவறியது என்று குறித்து அனுப்புங்கள். அலையின் உயரத்தைப் பார்த்துப் படகு இறக்குபவருக்கு வேண்டியது, முகவர் தரும் நற்சான்று அன்று. தம் கைப்பேசியில் உரிய நேரத்தில் தெரியும் சரியான எண்.