கேள்விக்குறியும் களைநாசினியும்

கிளைபோசேட் என்னும் களைநாசினி பற்றிய விவகாரத்தில் தடை கேட்டோரும் தடை நீக்கக் கேட்டோரும் விஞ்ஞானத்தின் பெயராலேயே பேசினர். சான்றைப் பிறர் சோதித்தறியத் திறந்து வைப்பது விஞ்ஞானத்தின் முதற் கடமை. அக்கடமை எவ்வாறு பேணப்பட்டது?

சன்ன ஜயசுமணவும் சகாக்கள் இருவரும் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வட மத்திய மாகாண விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோய்க்குக் கிளைபோசேட்டும் வன்னீரும் நச்சு உலோகங்களும் கூடுவது காரணமாகலாம் என்பது அவர்களது கருதுகோள். கட்டுரையின் தலைப்பே கேள்விக்குறியுடன் முடிந்தது. அரசாங்கமோ 2015இல் கேள்விக்குறியை மறந்து நாடெங்கும் தடை விதித்தது. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் தடை நீங்கியது. அப்போது உரத்து ஒலித்தது தோட்டக் கம்பெனிகளின் நட்டக் கணக்கே.

தோட்டங்களில் பல்லாண்டுகள் இம்மருந்து அடித்தும் அங்கு அந்நோய் பரவவில்லையே என்று தடையை எதிர்த்தோர் கேட்டனர். நியாயமான கேள்வி. ஆயினும் கருதுகோள் வன்னீரையும் நிபந்தனையாக வைக்கிறது. கேகாலையும் இரத்தினபுரியும் பெருமழை பெய்யும் ஈரவலயம். ஆகவே இவ்வொப்பீடு எதையேனும் நிரூபிக்க வேண்டுமாயின், மருந்து அடித்தவர் யார், எத்தனை ஆண்டு அடித்தார், கையுறை இருந்ததா, எந்தப் பீலியின் நீரைக் குடித்தார், பின்னர் அவர் உடல் என்னவாயிற்று என்பன தெரிந்தாக வேண்டும். செக்ரோல் வேலை நாளைக் காட்டும். மூச்சோடு உள்ளே போனதைக் காட்டாது. நோயைக் காணவில்லை என்பது வேறு, தேடவில்லை என்பது வேறு.

கம்பெனி தரப்பு விஞ்ஞானம் இதனினும் மோசம். கிளைபோசேட் தீங்கற்றது என்பதற்கு உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது 2000ஆம் ஆண்டின் மதிப்பாய்வொன்று. அதனை எழுதியதில் உற்பத்தியாளரான மொன்சாண்டோவின் மறைகரம் இருந்தமையை 2017இல் அமெரிக்க நீதிமன்ற ஆவணங்கள் அம்பலப்படுத்தின. சஞ்சிகை அக்கட்டுரையை மீளப்பெற்றது 2025இல்! இக்கால் நூற்றாண்டில், முதுகிலே மருந்துப் பம்பைச் சுமந்து மலையேறிய எத்தனை பேர் பென்ஷனுமின்றி லயத்துக்குள் முடங்கினரோ!

கருதுகோள் பிழைத்தால் விஞ்ஞானத்துக்கு இழுக்கில்லை. எழுதியவன் பெயரை மறைத்தலும், எழுதாத முடிவைச் சட்டமாக்கலுமே இழுக்கு. தோட்ட மருந்தகங்களின் பதிவேடுகளை, நோயாளர் பெயரை நீக்கி, சுதந்திரமான ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடட்டும். எந்த மருந்து, எவ்வளவு அடிக்கப்பட்டது என்ற கணக்கைக் கம்பெனிகள் வெளியிடட்டும். ஆய்வின் முடிவு எதுவாயினும், அதைக் கொழும்பில் ஆங்கிலத்தில் அச்சிடுமுன் லயத்து முற்றத்தில் தமிழில் வாசித்துக் காட்டட்டும்.