வேலனும் தோழியும்

குறிஞ்சித் திணைக்குரிய துறைகளுள் வெறியாட்டு ஒன்று. தலைவியின் மேனி பசக்கிறது; வளை நெகிழ்கிறது. காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியிடம் குறி கேட்கிறாள். வேலன் வந்து, முருகன் அணங்கினான் என்கிறான், மறி பலியாகிறது. உண்மை அறிந்தவள் தோழி ஒருத்தியே. நற்றிணை 34ஆம் பாட்டில் அவள் முருகனையே அறியாமை உடையவன் என்று இடித்துரைக்கிறாள். பெண்ணின் உடல் கூறுவதைப் பிறர் பிழைபடப் படிப்பதே இத்துறையின் பொருள். புலவன் நிற்பது தோழியின் பக்கம்.

தானா ராத்தா போன்ற மலைத்தோட்டங்களைக் களமாகக் கொள்ளும் நம் கதையாசிரியன் எங்கு நிற்கிறான்? பிள்ளை பெற்ற சில மாதங்களில் ஒருத்தி பேச்சுக் குறைகிறாள், கொழுந்து நிரையில் பின்தங்குகிறாள், காரணமின்றிச் சீறுகிறாள். பூசாரி பேய் என்கிறார். அது பலிக்காதபோது, தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் அங்கே மனநோய் மருத்துவமனை எழுந்தபின் அவ்வூர்ப் பெயரே நம்மவர் வாயில் பித்துக்கு மறுபெயராயிற்று. பூசாரியை எள்ளும் ஆசிரியன் தன்னை முற்போக்காளன் எனக் கருதுகிறான். ஆயினும் 'பைத்தியம்' என்ற சொல்லோடு அவனும் கதையை முடித்துவிடுகிறான். வேலனுக்கு வெள்ளைச் சட்டை அணிவித்ததன்றி வேறென்ன செய்தான்?

மகப்பேற்றுக்குப் பின் ஓராண்டுக்குள் சில பெண்களுக்குக் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அழற்சியுறுவதுண்டு. முதலில் சுரப்பு மிகுந்து நெஞ்சு படபடக்கும், சினம் பெருகும், உறக்கம் கெடும். பின்னர்ச் சுரப்புக் குன்றிச் சோர்வும் மறதியும் துயரமும் சூழும், மாதவிலக்கு முறைதவறும், குளிர் தாங்காது. ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் குளிருகிறது என்பவளை யார் பொருட்படுத்துவர்? எல்லாருக்கும்தானே குளிர்கிறது! நோயின் அடையாளம் ஊரின் தட்பத்துள் மறைந்துவிடும். 1949இல் ரிச்சர்டு ஆஷர் என்னும் ஆங்கில மருத்துவர், சுரப்புக் குறைவால் மனநோயாளராகத் தோன்றிய 14 பேரைப் பற்றி எழுதினார். தைராய்டுச் சத்துக் கொடுத்ததும் அவருள் பெரும்பாலோர் தெளிவடைந்தனர். இன்று இதனைக் காட்ட ஓர் இரத்தச் சோதனை போதும்.

எல்லாவற்றையும் சுரப்பியின்மேல் ஏற்றுவதும் மற்றொரு வெறியாட்டே. மகப்பேற்றை ஒட்டி வரும் மனநோய் மெய்யாகவே உண்டு; அதற்கும் மருத்துவம் உண்டு. இன்ன நோய் என்று கதையாசிரியன் தீர்ப்புக் கூறவேண்டும் என்பதன்று என் வழக்கு. அவன் பார்க்க வேண்டும். உச்சி வெயிலிலும் கம்பளிச் சட்டையைக் கழற்றாதவளின் வீங்கிய முகத்தை, தடித்த குரலை, சீப்போடு உதிர்ந்து வரும் முடியை அவன் பார்த்திருந்தால், 'பைத்தியம்' என்ற சொல் அத்துணை விரைவில் வந்திராது.

அடுத்த நிரையில் கொழுந்து பறிப்பவளுக்கு இவையெல்லாம் தெரியும். நம் கதைகளில் அவளுக்குப் பெரும்பாலும் பேச்சே இருப்பதில்லை.