விருது வாங்கிய ‘வீடு’

1921இல் நியூயார்க்கின் மேற்கு 44ஆம் தெருவில் வின்சென்ட் சார்டியும் அவர் மனைவி யூஜீனியாவும் சேர்ந்து ஒரு சிறிய உணவகம் தொடங்கினார்கள். இருவரும் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். 1927இல் அதே தெருவில் 234ஆம் எண்ணுக்கு மாறினார்கள். சுற்றிலும் பிராட்வே அரங்குகள். ‘சார்டிஸ்’ நாடகக்காரர்களின் இடமானது.

அதன் வரலாற்றைச் சொல்லும் எவரும் ஓர் ஒப்பந்தத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. அலெக்ஸ் கார்ட் என்ற ரஷ்ய அகதி, சாப்பாட்டுக்குப் பதிலாக நாடகக் கலைஞர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து தருவார். படத்தைச் சார்டி குறை சொல்லக்கூடாது. சாப்பாட்டைக் கார்ட் குறை சொல்லக்கூடாது. 1948இல் இறக்கும்வரை அவர் வரைந்தவை 700க்கும் மேல். ரசமான கதைதான். ஆனால் இரண்டு ஆண்களின் கதை. கடையைக் கூடவே தொடங்கிய யூஜீனியா இதில் எங்கே இருக்கிறார்?

1947இல் முதல் டோனி விருது விழா. நாடகக்காரர்களுக்கு இருபது ஆண்டுகள் தற்காலிக வீடாக இருந்ததற்காக வின்சென்ட் சார்டிக்குச் சிறப்பு விருது கொடுத்தார்கள். ‘வீடு’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வந்தவரை உட்காரவைத்து, பசியறிந்து, முகமறிந்து நடத்துவது பெண் செய்தால் கடமை. அதற்குச் சான்றிதழ் கிடையாது. ஆண் பெயரில் நடக்கும்போது சாதனை. அதே விழாவில் வென்ற பெண்களுக்குத் தங்கப் பவுடர் டப்பாவும் வளையலும், ஆண்களுக்குப் பணத்தாள் செருகும் கிளிப்பும் பரிசாகத் தரப்பட்டன. அந்த விருதுக்கோ ஒரு பெண்ணின் பெயர்: நடிகையும் இயக்குநருமான அன்டாய்னெட் பெர்ரி. அதற்கு முந்தைய ஆண்டுதான் இறந்திருந்தார். இறந்தவரின் பெயர் விருதில் ஏறியது. உயிரோடிருந்த பங்காளியின் பெயர் ஏறவில்லை.

இன்னொரு பெண்ணும் அங்கே இருந்தார். வாசலில் தொப்பிகளை வாங்கிவைக்கும் வேலை செய்த ரெனி கரோல். 1933இல் ‘இன் யுவர் ஹேட்’ என்ற நூலை வெளியிட்டார். அதற்குப் படங்கள் வரைந்தவர் அதே கார்ட். முதலாளியின் நினைவுநூல் வந்ததோ 1953இல். கரோலின் நூலை வம்புப்பேச்சு என்று ஒதுக்குவது எளிது. வாசலில் நின்றபடியே யார் உயர்கிறார், யார் விழுகிறார் என்று கணித்த ஓர் உழைப்பாளியின் பதிவு அது. சார்டிஸின் வரலாற்றைச் சுவரில் தொங்கும் முகங்களிலிருந்து அல்ல, அந்தத் தொப்பி மேசையிலிருந்து தொடங்கி எழுதினால், யூஜீனியாவைப் பற்றிக் கேட்காமல் இரண்டாம் பத்திக்குப் போக முடியாது.