மானத்தை நிறுக்கும் இரு தராசுகள்

ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகங்களுள் ‘மச் அடோ அபவுட் நத்திங்’ பலரும் விரும்பிப் பயில்வது. 1598, 1599 ஆகிய ஆண்டுகளையொட்டி எழுதப்பெற்றதாகக் கருதப்படும் இந்நாடகம் 1600இல் அச்சேறியது. பியாட்ரிஸ், பெனடிக் ஆகிய இருவரின் சொற்போரில் உள்ளம் பறிகொடுக்கும் நாம், அதன் நடுவே நிகழும் கொடுமையை எளிதில் கடந்துவிடுகிறோம். மெசினா நகர ஆளுநர் லியொனாட்டோவின் மகளாகிய ஹீரோ என்னும் கன்னிகை அடைந்த அவமானமே அது.

இதன் வித்து முதற்காட்சியிலேயே இடப்படுகிறது. ஹீரோவைக் காணும் இளவரசன் டான் பெட்ரோ, இவள் உம்முடைய மகள் போலும் என்கிறான். அவள் தாய் பலமுறை அவ்வாறு சொன்னதுண்டு என்று தந்தை வேடிக்கையாக விடை பகர்கிறார். உமக்கு ஐயமிருந்ததோ என்று பெனடிக் குறுக்கிட, இல்லை, அந்நாளில் நீர் சிறு பிள்ளையாயிற்றே என்கிறார் அவர். ஆடவனின் ஒழுக்கக்கேடு இங்கே விருந்தினரிடையே பரிமாறப்படும் நகைச்சுவை மட்டுமே.

நான்காம் அங்கத்தில் அந்த நகைப்பு வாளாக மாறுகிறது. டான் ஜானின் சூழ்ச்சிப்படி, போராச்சியோ என்பவன் இரவில் ஹீரோவின் சாளரத்தருகே பணிப்பெண் மார்கரெட்டுடன் உரையாடுகிறான். அவளை ஹீரோவென நம்பிய மணமகன் கிளாடியோ, மறுநாள் ஆலயத்தில் திருமணச் சடங்கின் நடுவே, கூடியிருந்தோர் அறிய அவளைப் பழித்துத் தள்ளுகிறான். டான் ஜான் அண்மையில்தான் தமையனை எதிர்த்துக் கலகம் செய்தவன். எனினும் அவன் சொல் செல்லுபடியாகிறது. இளவரசர் பொய்யுரைப்பரோ என்பதே தந்தையின் வாதம்; மகள் மாள்வதே நலம் என்கிறார். கிளாடியோவின் முன்னைய வாழ்வைப் பற்றியோ எவரும் வினவவில்லை.

குருவானவராகிய பிரான்சிஸ் மட்டும் பழிசுமத்தியோரின் பதவியை நோக்காது, பழியேற்றவளின் முகத்தை உற்றுநோக்குகிறார். அதில் குற்றமின்மையைக் காண்கிறார். ஆயினும் அவர் கூறும் பரிகாரம் யாது? அவள் இறந்ததாக அறிவிக்க வேண்டும். அது பயன்தராவிடில் கன்னியர் மடத்தில் மறைந்து வாழவேண்டும். பரிவுள்ள மேய்ப்பரும் சுமையைப் பெண்ணின்மீதே ஏற்றுகிறார். தான் ஆணாகப் பிறக்கவில்லையே எனப் பியாட்ரிஸ் குமுறுவது இதனாலேயே.

உண்மை வெளிப்பட்டபின், தான் தவறாக எண்ணியதைத் தவிர வேறு பாவம் செய்யவில்லை என்கிறான் கிளாடியோ. கல்லறையில் ஓரிரவு துக்கம் காத்ததே அவனுக்குத் தண்டனை. மறுநாட் காலையில் மணமகள் மீண்டும் கிடைக்கிறாள். ஹீரோவோ ஒரு கடுஞ்சொல்லுமின்றி அவனை ஏற்கிறாள். நாடகத்தின் இறுதியில், மனைவியால் வஞ்சிக்கப்படும் கணவனுக்குக் கொம்பு முளைக்கும் என்னும் பழைய வேடிக்கை மறுபடியும் தலைகாட்டுகிறது.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். நாடகம் ஹீரோ குற்றமற்றவள் என நிலைநாட்டுகிறது. அவளை நிறுத்த தராசு பொய்யானது என நிலைநாட்டவில்லை. அவள் உண்மையிலேயே தவறியிருந்தால், ஆலயத்தில் நிகழ்ந்த அவமதிப்பு நீதியாகிவிடுமோ? அந்த வினாவை நாடகம் எழுப்பாமலே நடனத்துடன் முடிகிறது. திருமணப் பீடத்தருகே நிற்கும் ஊழியர் அதனை எழுப்பக் கடமைப்பட்டவர்.