தீவாரின் வழக்கும் நிறமும்

கரீபியன் புலம்பெயர் நாவல்களில் நமக்குக் கிட்டிய உறவு சாம் செல்வன். 1923இல் டிரினிடாட்டில் பிறந்தவர். தகப்பன் மதராஸிலிருந்து போன தமிழர். 1956இல் வந்த அவருடைய ‘தி லோன்லி லண்டனர்ஸ்’ நாவலில் டிரினிடாட்காரர், ஜமெய்க்கர், நைஜீரியர் எல்லோரையும் லண்டன் ஒரே கறுப்பராக்கிவிடுகிறது. ஊரில் நிறத்துக்கு நிறம் ஏற்ற இறக்கம் பார்த்தவர்கள், குளிரில் ஒரே அடுப்பைச் சுற்றிக் குந்துகிறார்கள்.

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியாரின் எழுத்து இந்த வழியில் போகவில்லை. நெடுந்தீவாருக்கு ஊர் விட்டுப்போதல் புதிதல்ல. வன்னியில் போய்க் குடியேறியவர்கள் பலர். போர் தள்ளிவிட்டது வேறு விதம். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். பிறகு இராணுவம் தீவுகளைப் பிடிக்க, ஊர்கள் வெறுமையாயின. புங்குடுதீவு சு. வில்வரத்தினத்தின் ‘காற்றுவெளிக் கிராமம்’ அந்த வெறுமையின் கவிதை. நெடுந்தீவை வேராகக் கொண்ட வ.ஐ.ச. ஜெயபாலன் நோர்வே போனார். தேவகாந்தனின் ‘கனவுச்சிறை’ நயினாதீவில் தொடங்கி, 1981 முதல் 2001 வரையான சிதறலை ஐந்து பாகங்களில் சொல்கிறது.

இவர்களில் செல்வனோடு நேருக்கு நேர் நிறுத்தத்தக்கவர் அல்லைப்பிட்டி ஷோபாசக்தி. ‘கொரில்லா’ (2001) பிரான்ஸ் அதிகாரிகளுக்கு எழுதிய அகதி விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. அங்கேதான் இரு இலக்கியங்களும் பிரிகின்றன. 1948இல் ‘விண்ட்ரஷ்’ கப்பலில் வந்திறங்கிய கரீபியர்கள் பிரித்தானியக் குடிகள். தம் துயரத்தை எவருக்கும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களைத் தடுத்தது தோல். தீவகத்து ஆளோ தான் யார் என்பதை முதலில் ஓர் அதிகாரியின் மேசையில், கதையாகச் சொல்லியாக வேண்டும். கதை சரிவராவிட்டால் வழக்கு ‘ரிஜெக்ட்’. ஆகவே நம் நாவல்களின் மையக் கேள்வி நிறமல்ல, சாட்சியம். ஷோபாசக்தி நடித்த ‘தீபன்’ (2015, கான் விழாவின் தங்கப்பனை) படத்திலும் செத்தவர்களின் கடவுச்சீட்டில் மூன்று அந்நியர் ஒரு குடும்பமாகிறார்கள். இந்த வெளிச்சம் கரீபியன் எழுத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. இயக்கம், துரோகம், சாதி என்று நம் புனைவு தன் ஊர்ச் சண்டையையே பாரிஸிலும் தொடர்கிறது. சாதியைத் துணிந்து எழுதியவர்கள்கூட அயலவரைப் பெரிதாக எழுதவில்லை. லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் ஆபிரிக்கர்களின் ஷாதோ ரூஜ் சந்தை. அந்த மனிதர்கள் நம் கதைகளில் பெரும்பாலும் தெருவில் கடந்துபோகிறவர்கள் மட்டுமே. நம் வீடுகளுக்குள் அவர்களைப் பற்றி எவ்வளவு கேவலமாகப் பேசுகிறோம் என்பதோ இன்னும் அரிதாகவே எழுத்தில் வருகிறது. வெள்ளையரின் இனவாதத்தை முறையிட ஆள் இருக்கிறது, நம்முடையதை ஒப்புக்கொள்ளத்தான் ஆளில்லை.

பாரிஸிலேயே பிறந்து, அந்த ஆபிரிக்கர்களின் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தலைமுறை இப்போது எழுத வந்திருக்கிறது. இந்த வழக்கை அவர்கள் எடுக்கட்டும்; தமிழில் எழுதினால் இன்னும் நல்லது.