தராசைக் காட்டாத படம்

போ ஜுன்ஃபெங் இயக்கிய ‘அப்ரெண்டிஸ்’ 2016இல் வந்த சிங்கப்பூர்ப் படம். ஐமன் என்ற இளம் சிறை அதிகாரி, கைதிகளைத் தூக்கிலிடும் ரஹீமிடம் உதவியாளனாகச் சேர்கிறான். அவன் அப்பாவைத் தூக்கில் போட்டதே இந்த ரஹீம்தான். கேட்டவுடன் பழிவாங்கும் கதை மாதிரி தோன்றும். நல்லவேளை, அப்படிப் போகவில்லை.

கைதியின் எடைக்கேற்பக் கயிறு எவ்வளவு நீளம் விடணும், முடிச்சு எங்கே விழணும் என்று ரஹீம் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு சீனியர் மேஸ்திரி புதுப்பையனுக்குத் தொழில் சொல்லித்தருகிற அதே தோரணை. வலிக்காமல் அனுப்புவதே தன் கருணை என்று அவர் மனதார நம்புகிறார். வான் ஹனாஃபி சூ இந்தப் பாத்திரத்தில் அபாரம்.

என் சிக்கல் வேறு. படம் கயிற்றை இத்தனை பக்கத்தில் போய்ப் பார்க்கிறது, சட்டம் பக்கம் திரும்புவதே இல்லை. ஐமனின் அப்பா கொலைக் குற்றவாளி. ஆகவே ‘கொன்றவனைக் கொல்லலாமா’ என்ற பழைய கேள்வியோடு பார்வையாளர் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் 2022இல் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்ட 11 பேரும் போதைப்பொருள் வழக்குக் கைதிகள். யாரையும் கொன்றதற்காகத் தண்டனை பெற்றவர்கள் இல்லை.

அங்கே 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை கட்டாயம். 2 கிராமுக்கு மேல் கையில் இருந்தாலே கடத்தத்தான் வைத்திருந்தாய் என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும்; இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. தினமும் இஃப் கண்டிஷன் எழுதிப் பிழைக்கிறவன் நான். எல்லை மதிப்பில்தான் பிழை ஒளிந்திருக்கும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். சிங்கப்பூர்த் தீர்ப்புகளில் ‘14.99 கிராம்’ என்ற எண் அடிக்கடி வரும். பிடிபட்டது அதைவிட அதிகமாக இருந்தாலும் அரசுத் தரப்பு நினைத்தால் குற்றச்சாட்டை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். ஆள் பிழைத்துக்கொள்வான், நீண்ட சிறையும் பிரம்படியும்தான். நினைக்காவிட்டால் தூக்கு.

2012இல் ஒரு திருத்தம் வந்தது. வெறுமனே பொட்டலம் சுமந்தவன் என்று நிரூபித்து, போதைப்பொருள் கும்பலை முடக்கக் கணிசமாக உதவினான் என்று அரசுத் தலைமை வழக்கறிஞரிடம் சான்றிதழும் வாங்கினால், நீதிபதி ஆயுள் தண்டனை தரலாம். மனநலக் குறைபாட்டுக்குத் தனி வழி உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள்: கும்பலைப் பற்றி நிறையத் தெரிந்தவனிடம் கொடுக்கத் தகவல் இருக்கும். கூலிக்குச் சுமந்தவனிடம் என்ன இருக்கும்?

மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம் 2009இல் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பிடிபட்டார். தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம் ஹெராயின். அவர் வெறும் சுமப்பவர்தான் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. சான்றிதழ் கிடைக்கவில்லை. ஐக்யூ 69 என்ற வாதமும், என்ன செய்கிறோம் என்று தெரிந்தே செய்தார் என்று சொல்லி நிராகரிக்கப்பட்டது. 27 ஏப்ரல் 2022 அன்று தூக்கிலிட்டார்கள்.

கட்டாய மரண தண்டனை எல்லாருக்கும் சமம், நீதிபதியின் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை என்பார்கள். விருப்பம் எங்கும் போய்விடவில்லை, நீதிபதியிடமிருந்து வழக்கறிஞரின் மேசைக்கு இடம் மாறியிருக்கிறது. நீதிபதி திறந்த நீதிமன்றத்தில் காரணம் எழுதியாக வேண்டும், மேல்முறையீடு உண்டு. சான்றிதழ் மறுப்பை எதிர்த்து வழக்காட மிகக் குறுகலான வழிகளே உள்ளன. இந்தியாவில், ஆயுள் கைதி கொலை செய்தால் மரணமே என்ற 303ஆம் பிரிவை 1983இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததற்கு முக்கியக் காரணம், அது நீதிபதியின் கையைக் கட்டிப்போடுகிறது என்பதுதான்.

சினிமா சட்டப் புத்தகம் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் கயிற்றின் நீளத்துக்கு அத்தனை பொறுமை காட்டிய இயக்குநர், பொடியை எடைபோடும் ஆய்வகத்துக்கு ஒரே ஒரு ஷாட் கொடுத்திருக்கலாம். ரஹீமுக்காகக் கட்டாயம் படத்தைப் பாருங்கள். பார்த்துவிட்டு, சிங்கப்பூர்ப் போதைப்பொருள் சட்டத்தின் 33பி பிரிவையும் ஒருமுறை வாசியுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.